பிளெக்கோனரில்

பிளெக்கோனரில் என்பது தடிமன் நோயைத் தோற்றுவிக்கும் ரைனோவைரசுகளுக்கும், அவற்றின் நெருங்கிய உறவான என்டரோவைரசுகளுக்கும் எதிராக உருவாக்கப்பட்ட ஒரு சிறுமூலக்கூறு மருந்து ஆகும். இது வைரசின் புரத உறையில் உள்ள ஒரு நுண்ணிய பொந்தினுள் நுழைந்து, அந்த உறை பிரிந்து திறக்க முடியாதவாறு இறுக்கி விடுகின்றது. தடிமனுக்கு எதிரான மருந்து ஒன்று அரசு ஒப்புதலை மிக நெருங்கி வந்தது என்றால் அது இதுவே. ஆயினும் 2002 ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. பிகோவிர் என்ற வணிகப் பெயர் இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தாலும் அப்பெயரில் மருந்து விற்பனைக்கு வரவில்லை.

இதன் வேதியியல் வாய்பாடு C₁₈H₁₈F₃N₃O₃ ஆகும். மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 381.

தடிமனும் ரைனோவைரசும்

தமிழ்நாட்டில் சளி, ஜலதோஷம், நீர்க்கோவை என்றும் இலங்கையில் தடிமன் என்றும் வழங்கும் நோய் ஒரே ஒரு கிருமியால் வருவதன்று. கொரோனாவைரசுகளில் சில, அடினோவைரசு, பாராஇன்ஃபுளுவென்சா வைரசு முதலிய பலவும் இதனைத் தோற்றுவிக்கின்றன. எனினும் ஏறத்தாழ பாதி தடிமன்களுக்குக் காரணம் ரைனோவைரசுகளே. கிரேக்க மொழியில் மூக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. 1950களில் முதன்முதலாக இவை பிரித்தெடுக்கப்பட்டன. இன்று ஏ, பி, சி என்ற மூன்று இனங்களில் 160க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன.

இந்த எண்ணிக்கையே தடுப்பூசி முயற்சிகளுக்குப் பெருந்தடையாக உள்ளது. ஒரு வகைக்கு எதிராக உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள் மற்றொரு வகையைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. ஒருவருக்கு ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் தடிமன் வருவதும் இதனாலேயே. நுண்ணுயிர் எதிரிகள் எனப்படும் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பாக்டீரியாவின் உறுப்புகளைத் தாக்குபவை. வைரசில் அவ்வுறுப்புகள் இல்லாமையால் தடிமனுக்கு அவற்றை உட்கொள்வதால் பயன் ஏதும் இல்லை. கடைகளில் கிடைக்கும் தடிமன் மாத்திரைகளும் மூக்கொழுகல், தலைவலி போன்ற அறிகுறிகளைத் தணிப்பனவேயன்றி வைரசைத் தொடுவதில்லை.

நலமாக உள்ள ஒருவருக்குத் தடிமன் ஒரு வாரத் தொல்லை மட்டுமே. ஆனால் ஆசுத்துமா நோயாளிகளுக்கும், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கும் அதே வைரசு கடும் மூச்சுத் திணறலைத் தூண்டி மருத்துவமனை வரை கொண்டு செல்லக்கூடும். தடிமனுக்கு ஒரு மருந்து எதற்கு என்று கேட்போர் இதனைப் பெரும்பாலும் மறந்து விடுகின்றனர்.

வைரசின் கட்டமைப்பு

ரைனோவைரசு ஏறத்தாழ 30 நானோமீட்டர் விட்டமுடையது. அதன் உள்ளே ஏறத்தாழ 7,200 எழுத்துகள் கொண்ட ஒற்றை இழை ஆர்.என்.ஏ. உள்ளது. வெளியே வி.பி.1, வி.பி.2, வி.பி.3, வி.பி.4 என்ற நான்கு புரதங்கள், ஒவ்வொன்றும் 60 படிகளாக, இருபது முகங்கள் கொண்ட திண்மத்தின் சமச்சீருடன் அடுக்கப்பட்டு உறையாக அமைந்துள்ளன. கொழுப்புப் படலம் ஏதும் இதற்கு இல்லை.

இந்த உறை இரண்டு முரணான வேலைகளைச் செய்ய வேண்டியுள்ளது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவும் வரையில் ஆர்.என்.ஏ.வை அது பத்திரமாக மூடி வைத்திருக்க வேண்டும். மூக்கின் உட்சுவரில் உள்ள உயிரணுவை அடைந்தவுடன் திறந்து அதனை வெளியே விட வேண்டும். பூட்டிய பெட்டி தக்க இடத்தில் தானே திறந்துகொள்வது போன்றது இது. பிளெக்கோனரில் குறிவைப்பது இந்தத் திறக்கும் செயலைத்தான்.

1985 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ராஸ்மன் குழுவினர் ரைனோவைரசு 14 ஆம் வகையின் கட்டமைப்பை எக்சு-கதிர்ப் படிகவியல் மூலம் அணு அளவில் கண்டறிந்து வெளியிட்டனர். விலங்குகளைத் தாக்கும் வைரசு ஒன்றின் கட்டமைப்பு இவ்வளவு நுணுக்கமாக அறியப்பட்டது அதுவே முதன்முறை. (போலியோ வைரசின் கட்டமைப்பும் அதே மாதத்தில் வேறொரு குழுவினரால் வெளியிடப்பட்டது.) இதற்கான கதிர்வீச்சுத் தரவுகள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஒத்தியங்கு முடுக்கியில் திரட்டப்பட்டன. கணிப்புகள் பர்டியூவில் இருந்த சைபர் 205 என்ற மீத்திறன் கணினியில் செய்யப்பட்டன. அத்தகைய கணினி இல்லாதிருந்தால் இக்கணிப்புகள் பல ஆண்டுகளை விழுங்கியிருக்கும். மருந்தியல் வரலாற்றில் கணினிக்கு உரிய இடத்தைக் குறிப்பிடுவோர் இந்நிகழ்வை விட்டுவிடுவது சரியன்று.

அக்கட்டமைப்பில் இரண்டு அம்சங்கள் வெளிப்பட்டன. உறையின் 12 முனைகளையும் சுற்றி ஏறத்தாழ 2.5 நானோமீட்டர் ஆழமுள்ள அகழி போன்ற பள்ளம் ஒன்று காணப்பட்டது. இதற்குப் பள்ளத்தாக்கு என்று பெயரிடப்பட்டது. வைரசு மனித உயிரணுவின் ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று ராஸ்மன் கருதினார். ஏற்பி நுழையுமளவுக்கு அகலமும், பருமனான எதிர்ப்பொருள் அடி வரை நுழைய முடியாத அளவுக்குக் குறுகலும் கொண்ட இடம் அது என்பது அவரது விளக்கம். 1989 ஆம் ஆண்டில் ஐ.சி.ஏ.எம்-1 என்ற புரதமே பெரும்பாலான ரைனோவைரசுகளின் ஏற்பி எனக் கண்டறியப்பட்டது. அது பள்ளத்தாக்கினுள்ளேயே பிணைகின்றது என்பதும் பின்னர் உறுதியாயிற்று. எதிர்ப்பொருளைப் பற்றிய அவரது விளக்கம் அந்த அளவுக்கு நிலைக்கவில்லை. சில எதிர்ப்பொருள்கள் பள்ளத்தாக்கினுள்ளும் ஆழமாக இறங்குகின்றன என்பது பிற்கால ஆய்வுகளில் தெரிய வந்தது.

இரண்டாவது அம்சம், பள்ளத்தாக்கின் தரைக்கு நேர் கீழே வி.பி.1 புரதத்தின் உள்ளே இருக்கும் பொந்து ஆகும். நீரை விலக்கும் அமினோ அமிலங்களால் சூழப்பட்ட நீண்ட, குறுகிய வெற்றிடம் இது. பள்ளத்தாக்கின் தரையிலிருந்து ஒரு சிறு துளை இதனுள் செல்கின்றது. வைரசு ஒன்றுக்கு 60 பொந்துகள் உள்ளன. பல வகைகளில் இப்பொந்து வெறுமையாக இருப்பதில்லை. உயிரணுவிலிருந்து கிடைத்த கொழுப்பு அமிலம் போன்ற நீண்ட மூலக்கூறு ஒன்று அதனுள் தங்கியிருக்கும். இது பொந்துக் காரணி எனப்படுகின்றது. 14 ஆம் வகையிலோ பொந்து வெறுமையாகக் காணப்பட்டது.

செயல்படும் முறை

தொற்றின்போது ஏற்பி பள்ளத்தாக்கினுள் இறங்கி அதன் தரையைக் கீழ் நோக்கி அழுத்துகின்றது. இதனால் பொந்துக் காரணி வெளியேற்றப்படுகின்றது. தாங்கி நின்ற பொருள் போய்விட்டதால் வி.பி.1 தளர்கின்றது. உட்புறம் மடிந்திருந்த வி.பி.1 இன் முனையும் வி.பி.4 புரதமும் வெளியே நீள்கின்றன. உயிரணுவின் உட்பைகளில் உள்ள அமிலத் தன்மையும் சில வகைகளில் இதற்குத் துணை செய்கின்றது. முடிவில் ஆர்.என்.ஏ. உயிரணுவினுள் செலுத்தப்படுகின்றது. அதன் பின் சில மணி நேரங்களில் ஆயிரக்கணக்கான புதிய வைரசுகள் உருவாகிவிடும்.

பிளெக்கோனரில் நீண்டு மெலிந்த மூலக்கூறு. மூன்று வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டது போன்ற அமைப்புடையது. அதன் வடிவம் பொந்தின் வடிவத்தோடு பொருந்துகின்றது. பொந்துக் காரணி இருந்தால் அதனை வெளியேற்றிவிட்டுத் தான் அமர்ந்துகொள்கின்றது. காரணியை விட இறுக்கமாகப் பிணைவதால் ஏற்பி அழுத்தும்போதும் எளிதில் வெளியேறுவதில்லை. தச்சர் மூட்டில் அடித்து இறக்கிய ஆப்பு போல அது வி.பி.1 ஐ அசைய விடாமல் பிடித்துக் கொள்கின்றது. உறை திறக்காவிட்டால் ஆர்.என்.ஏ. வெளியேறாது, தொற்று அங்கேயே நின்றுவிடும்.

பொந்து முன்னர் வெறுமையாக இருந்த வகைகளில் மற்றொரு விளைவும் உண்டு. மருந்து உள்ளே நுழையும்போது பள்ளத்தாக்கின் தரை மேலெழும்பி அதன் வடிவம் மாறிவிடுகின்றது. ஆகவே ஏற்பியால் சரியாகப் பற்ற முடிவதில்லை. இவ்வாறு 14 ஆம் வகையில் ஒட்டுதல், திறத்தல் ஆகிய இரண்டும் தடைபடுகின்றன. ஏறத்தாழ பத்து ரைனோவைரசு வகைகள் ஐ.சி.ஏ.எம்-1 க்குப் பதிலாகக் கொழுப்புப் புரத ஏற்பிகளைப் பயன்படுத்துகின்றன. அவை பள்ளத்தாக்கில் அல்லாமல் உறையின் முனைக்கு அருகில் பற்றுவதால் அவ்வகைகளில் ஒட்டுதல் தடைபடாது, திறத்தல் மட்டுமே தடைபடும்.

வைரசின் உறை கல்லைப் போல் அசையாதது என்ற எண்ணமும் இம்மருந்துகளின் ஆய்வினால் மாறியது. 1998 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், 14 ஆம் வகை வைரசுடன் டிரிப்சின் என்ற புரதம் வெட்டும் நொதியைச் சேர்த்தபோது உறையின் உட்புறத்தில் இருக்க வேண்டிய வி.பி.4 புரதத்தின் பகுதிகளே விரைவில் வெட்டுப்பட்டது கண்டறியப்பட்டது. அதாவது உறை இடையறாது விரிந்து சுருங்கி, உள்ளிருப்பதை அவ்வப்போது வெளிக்காட்டுகின்றது. இதனை வைரசின் மூச்சு என்று ஆய்வாளர்கள் அழைத்தனர். பிளெக்கோனரிலின் முன்னோடிகளில் ஒன்றைச் சேர்த்தவுடன் வெட்டுப்படுவது நின்றது.

பொந்து உறையின் உள்ளே மறைந்திருப்பதால் எதிர்ப்பொருள்கள் அதனைத் தாக்குவதில்லை. எனவே வெளிப்புறம் வகைக்கு வகை மாறினாலும் பொந்தின் அமைப்பு அவ்வளவாக மாறுவதில்லை. தடுப்பூசியால் இயலாததை ஒரே மருந்து செய்யக்கூடும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இதுவே.

உருவாக்க வரலாறு

நியூயார்க் மாநிலம் ரென்சலேரில் இயங்கிய ஸ்டெர்லிங்-வின்த்ரோப் ஆய்வுக்கூடத்தில் 1970களில் ஆரில்டோன் என்ற சேர்மம் போலியோ வைரசின் உறை திறப்பதைத் தடுப்பது கண்டறியப்பட்டது. அது எவ்விடத்தில் பிணைகின்றது என்பது அப்போது தெரியாது. தொடர்ந்து உருவாக்கப்பட்ட சேர்மங்கள் நிறுவனத்தின் பெயரை ஒட்டி வின் என்ற முன்னொட்டுடன் எண்ணிடப்பட்டன. 1986 ஆம் ஆண்டில் பர்டியூ குழுவினர் வின் 51711, வின் 52084 ஆகிய இரண்டையும் வைரசுப் படிகங்களில் ஊறச் செய்து ஆராய்ந்து, அவை பொந்தினுள் இருப்பதைக் காட்டினர். மருந்து இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரிந்த பின் அதனைச் சீர்செய்வது எளிதாகும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

ஆனால் பொந்தில் பொருந்துவது மட்டும் ஒரு சேர்மத்தை மருந்தாக்கி விடுவதில்லை. டைசாக்சரில் எனப் பெயரிடப்பட்ட வின் 51711 மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்டபோது சிறுநீரில் படிகங்கள் தோன்றியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்த வின் 54954, காக்சாக்கி ஏ21 வைரசால் உண்டாகும் தடிமனில் பயன் தந்தபோதிலும், தன்னார்வலர்களிடம் செய்யப்பட்ட சோதனைகளில் ரைனோவைரசுத் தொற்றைத் தடுக்கவில்லை. கல்லீரல் இச்சேர்மங்களை விரைவாகச் சிதைத்ததும் ஒரு சிக்கலாக இருந்தது. சிதைவு தொடங்கும் முனையில் மூன்று புளோரின் அணுக்கள் கொண்ட தொகுதியை வைத்தபோது மூலக்கூறு நிலைத்து நின்றது. இவ்வாறு கிடைத்த வின் 63843 தான் பின்னர் பிளெக்கோனரில் எனப் பெயர் பெற்றது. ஸ்டெர்லிங் நிறுவனம் கைமாறி அதன் மருந்துப் பிரிவு சனோபியிடம் சேர்ந்த பின், பென்சில்வேனியாவைச் சேர்ந்த வைரோஃபார்மா நிறுவனம் இதன் உரிமையைப் பெற்று மேம்படுத்தியது.

மருத்துவச் சோதனைகளும் மறுப்பும்

தடிமன் தொடங்கி 24 மணி நேரத்துக்குள் இருந்த 2,096 பெரியவர்களிடம் இரண்டு பெரிய சோதனைகள் நடத்தப்பட்டன. ஒரு பிரிவினருக்கு 400 மில்லிகிராம் பிளெக்கோனரில் நாளொன்றுக்கு மூன்று வேளையாக 5 நாட்களுக்கும், மற்றவர்களுக்கு மருந்துப்போலியும் வழங்கப்பட்டன. யார் எதைப் பெற்றார் என்பது நோயாளருக்கோ மருத்துவருக்கோ தெரியாது. சோதனையில் பங்கேற்றோரில் 65% பேருக்கு ரைனோவைரசு அல்லது அதன் உறவின வைரசுத் தொற்று உறுதியானது. அவர்களிடையே மருந்துப்போலி பெற்றவர்கள் குணமடைய நடு அளவாக 7.3 நாட்களும், பிளெக்கோனரில் பெற்றவர்கள் 6.3 நாட்களும் ஆயின. இம்முடிவுகள் 2003 ஆம் ஆண்டில் வெளியாயின.

ஒரு நாள் என்பது பலருக்கும் ஏமாற்றமாகத் தோன்றும். ஆனால் தடிமனின் அறிகுறிகளைப் பெரும்பாலும் உண்டாக்குவது வைரசு அன்று. அதற்கு எதிராக உடல் காட்டும் அழற்சியே. மூக்கு ஒழுகத் தொடங்கும்போது வைரசின் பெருக்கம் ஏற்கெனவே உச்சத்தை நெருங்கியிருக்கும். எனவே எவ்வளவு வலிமையான மருந்தானாலும் அப்போது தொடங்கினால் குறைக்கக்கூடியது சிறிதளவே. மேலும் தனக்கு வந்துள்ள தடிமன் எந்த வைரசால் வந்தது என்பது நோயாளிக்குத் தெரியாது. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தமக்குப் பயன் தர இயலாத மருந்தையே உட்கொண்டிருப்பார்.

முட்டுக்கட்டையாக அமைந்தது பாதுகாப்பு பற்றிய கேள்வியே. பிளெக்கோனரில் கல்லீரலில் உள்ள சைட்டோகுரோம் பி450 3ஏ4 என்ற நொதியின் அளவைக் கூட்டுகின்றது. நாம் உட்கொள்ளும் மருந்துகளில் பெரும்பங்கைச் சிதைக்கும் நொதி இதுதான். கருத்தடை மாத்திரைகளில் உள்ள இயக்குநீரையும் இது சிதைக்கின்றது. சோதனைகளில் கருத்தடை மாத்திரை உட்கொண்டுவந்த பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கின்மை காணப்பட்டது. பிளெக்கோனரில் உட்கொண்ட இருவர் கருவுற்றனர். எச்.ஐ.வி. மருந்துகள் போன்று அளவு குறையவே கூடாத மருந்துகளும் இதே நொதியால் சிதைக்கப்படுபவை என்பதால் கவலை மேலும் கூடியது.

2002 மார்ச்சில் கூடிய வல்லுநர் குழு ஒருமனதாக ஒப்புதலுக்கு எதிராக வாக்களித்தது. அதே ஆண்டில் உணவு மருந்து நிர்வாகமும் மறுப்புத் தெரிவித்தது. புற்றுநோய்க்கான மருந்தாக இருந்திருந்தால் இதே பக்கவிளைவு பொருட்படுத்தப்பட்டிருக்காது. தானே குணமாகும் நோய்க்கு, கோடிக்கணக்கானோர் மருத்துவரைக் கேளாமலேயே நாடக்கூடிய மருந்து என்னும்போது அளவுகோல் வேறாகின்றது. இம்முடிவைக் குறை கூறுவது கடினம்.

பின்னர் ஷெரிங்-பிளவ் நிறுவனம் உரிமை பெற்று, மருந்து இரத்தத்தில் அதிகம் கலவாதிருக்க மூக்கில் தெளிக்கும் வடிவில் இதனை ஆசுத்துமா நோயாளிகளிடம் சோதித்தது. அச்சோதனைக்குப் பின்னரும் மருந்து சந்தைக்கு வரவில்லை.

எதிர்ப்புத்திறன்

ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் வைரசு நொதி பிழை திருத்துவதில்லை. எனவே ஒவ்வொரு தலைமுறையிலும் மாற்றங்கள் தோன்றுகின்றன. பொந்தின் சுவரில் உள்ள சிறிய அமினோ அமிலம் ஒன்று பருமனான ஒன்றாக மாறினாலே மருந்துக்கு இடமில்லாமல் போய்விடும். 14 ஆம் வகையின் வி.பி.1 இல் 188, 199 ஆகிய இடங்களில் இவ்வாறு நிகழ்வது 1980களிலேயே ஆய்வுக்கூடத்தில் காணப்பட்டது.

மருந்தைச் சந்திக்காமலேயே எதிர்ப்புத்திறன் பெற்ற வகைகளும் உள. பி இனத்தைச் சேர்ந்த 4, 5, 42, 84, 93, 97, 99 ஆகிய 7 வகைகள் பிளெக்கோனரிலுக்கு இயல்பாகவே பணிவதில்லை. இவற்றில் 152 ஆம் இடத்தில் டைரோசினுக்குப் பதிலாக பினைல்அலனினும், 191 ஆம் இடத்தில் வேலினுக்குப் பதிலாக லியூசினும் உள்ளன. இரண்டே மாற்றங்கள்! சோதனைகளில் பங்கேற்றோரிலும், உணர்திறன் குறைந்த வைரசு தொற்றியவர்களுக்கு மருந்துப்போலியை விடக் கூடுதல் பயன் கிடைக்கவில்லை.

இதை விடப் பெரிய தடை பின்னரே தெரிய வந்தது. 2006 ஆம் ஆண்டு முதல் அறியப்பட்ட சி இன ரைனோவைரசுகள் குழந்தைகளின் கடும் ஆசுத்துமாவுடன் தொடர்புடையவை. அதாவது மருந்து மிகவும் தேவைப்படும் இடத்தில் இருப்பவை. 2016 ஆம் ஆண்டில் ராஸ்மன் குழுவினர் சி15 வகையின் கட்டமைப்பை வெளியிட்டபோது, அதன் பொந்து பருமனான அமினோ அமிலங்களால் நிரம்பிக் கிடப்பது தெரிந்தது. பிளெக்கோனரில் நுழைய அங்கு வழியே இல்லை.

பிறந்த குழந்தைகளுக்கு

என்டரோவைரசுகள் பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளின் கல்லீரலையும் இதயத்தையும் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடும். இந்நோய்க்கென மருந்து இல்லாத நிலையில் அமெரிக்காவில் 61 குழந்தைகளிடம் பிளெக்கோனரில் சோதிக்கப்பட்டது. நோய் அரிது என்பதால் இவ்வளவு பேரைச் சேர்க்கவே பல ஆண்டுகள் ஆயின. 2016 இல் வெளியான முடிவுகளின்படி, மருந்து பெற்ற குழந்தைகளின் உடலிலிருந்து வைரசு விரைவில் நீங்கியது. உயிர் பிழைத்தோரின் விழுக்காடும் அவர்களிடையே கூடுதலாக இருந்தது. 2014 ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தைகளிடையே பரவிய என்டரோவைரசு டி68 இன் பொந்திலும் பிளெக்கோனரில் பிணைவது அடுத்த ஆண்டில் படிகவியல் மூலம் காட்டப்பட்டது. தடிமனுக்கு மிகையாகத் தோன்றிய பக்கவிளைவு இத்தகைய நோய்களில் தடையாகாது. ஆயினும் நோயாளர் எண்ணிக்கை குறைவாக உள்ள நோய்க்கு மருந்து தயாரிக்க நிறுவனங்கள் முன்வருவது அரிதாகவே உள்ளது.

பிற சேர்மங்கள்

இதே பொந்தைக் குறிவைக்கும் பிரோடவிர், வேப்பெண்டவிர், போகாபவிர் ஆகியனவும் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டுள்ளன. இவற்றுள் போகாபவிர் போலியோ வைரசுக்கு எதிராக ஆராயப்பட்டது. ஆசுத்துமா நோயாளிகளிடம் நடந்த வேப்பெண்டவிர் சோதனை 2017 இல் எதிர்பார்த்த பயனைக் காட்டவில்லை.

வேறு இடங்களைத் தாக்கும் சேர்மங்களும் உண்டு. ரூபின்றிவிர் என்பது வைரசின் நீண்ட புரத இழையைத் துண்டுகளாக வெட்டும் 3சி நொதியை அடைத்துவிடும். 2018 ஆம் ஆண்டில் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் அறிவித்த ஐ.எம்.பி.-1088 வைரசை அறவே தொடுவதில்லை. உறைப் புரதத்தின் முனையில் மிரிஸ்டிக் அமிலத்தை ஒட்டிவிடும் மனித உயிரணுவின் நொதியை அது தடுக்கின்றது. அந்த ஒட்டுதல் இல்லாமல் புதிய உறைகள் உருவாக இயலாது. குறிவைக்கப்படுவது மனித நொதி என்பதால் வைரசின் மாற்றங்கள் அதனை எளிதில் ஏமாற்ற இயலாது. அதே காரணத்தால், உயிரணுவுக்கு அந்நொதி எவ்வளவு நேரம் இல்லாமல் இருக்கலாம் என்பதும் ஆராயப்பட வேண்டியதாகின்றது.